முன்னூற்று மூன்றை எடை போடுவது

"ஒரிஜினல் மாதிரியே இருக்காண்ணே?" பழைய சிந்தசைசரின் நகல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஒரிஜினல் மாதிரி?" கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கிண்டல் இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303 என்ற வெள்ளி நிறச் சின்னப் பெட்டியைப் பொறுத்தவரை, இந்த எதிர்க்கேள்விக்கு விடை தெரியாமல் அதன் எந்த நகலையும் எடை போட முடியாது.

கோடம்பாக்கம், வடபழனி பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டு புரோகிராமிங் செய்வதும், பழுதான கருவிகளைத் திறந்து சரிசெய்வதும் என் பிழைப்பு. இரண்டையும் ஒரே ஆள் செய்வது இப்போது குறைந்துவிட்டது. எல்லாம் லேப்டாப்புக்குள் போய்விட்ட பிறகு சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. ஆனால் அனலாக் மோகம் திரும்பி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் பார்த்த கருவிகளின் நகல்கள் கைக்கெட்டும் விலைக்கு இறங்கிவிட்டன. இசையமைப்பாளர்களிடம் வேலை பார்க்கும் பையன்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கும் முன்போ, வாங்கிய பிறகு சந்தேகம் வந்தோ என்னிடம் கொண்டுவருகிறார்கள். அப்படி அதிகம் வருவது 303-இன் நகல்தான். பாட்டின் நடுவே சில விநாடிகள் 'க்வாவ் க்வாவ்' என்று நெளிந்துபோகும் அந்த பேஸ் வேண்டும் என்று யாராவது ஒரு டைரக்டர் கேட்டிருப்பார்.

அந்தப் பெட்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் ஜப்பானில் வெளிவந்தது. வடிவமைத்தவர் ததாவ் கிகுமோட்டோ, பின்னாளில் டி.ஆர்.-909 டிரம் மெஷினுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக ஒரு பேஸ் வாசிப்பாளரின் இடத்தை நிரப்புவதுதான் நோக்கம். தாளத்துக்கு டி.ஆர்.-606, பேஸுக்கு 303, இரண்டையும் ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டிலேயே குழு ரெடி. அமெரிக்காவில் விலை 395 டாலர். ஆனால் சத்தம் பேஸ் கிட்டார் போல இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, அதில் ஒரு மெட்டை ஏற்றுவதற்குள் கிட்டார்காரருக்குப் பொறுமை போய்விடும். ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மிச்சமெல்லாம் பழைய பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோ பையன்கள் கையில் அது சிக்கியது. ஃபியூச்சர் என்ற குழு, பாட்டர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகிக்கொண்டே பதிவு செய்த 'ஆசிட் டிராக்ஸ்', மார்ஷல் ஜெஃபர்சனின் தயாரிப்பில், 1987-இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்கே பெயர் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கிட்டார்காரர் ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்று வைத்த குமிழ்களை, இவர்கள் வாத்தியமாகவே வாசித்தார்கள். 303-இன் நகலை மதிப்பிடுகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. குமிழ் ஒரு இடத்தில் நிற்கும்போது வரும் சத்தத்தை யாரும் 303 என்று கொண்டாடவில்லை. அது நகரும்போது வருவதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982-இல், ஒரு 303, ஒரு டி.ஆர்.-808 டிரம் மெஷின், ஒரு ஜூபிட்டர்-8 சிந்தசைசர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் ஐரோப்பியப் பத்திரிகைகள் 'ஆசிட் ஹவுஸை உண்மையில் கண்டுபிடித்தவர்' என்று அவரைத் தூக்கிப் பிடித்தன. அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. அவரைக் கேட்டு சிகாகோக்காரர்கள் செய்யவில்லை. அவருடைய நோக்கமும் வேறு. ஆனால் அந்தத் தட்டில் பூபாலியையும் மால்கோன்ஸையும், அதாவது நம் மோகனத்தையும் இந்தோளத்தையும், கேட்கும்போது ஒன்று புரியும். அந்த மனிதர் 303-இன் ஸ்லைடைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் வழுக்கிப் போவது, நம் ஜாரு மாதிரி, அந்தப் பெட்டிக்கு இயல்பாகவே வருகிறது. இந்தக் காதோடு கேட்பவருக்கு நகலின் ஸ்லைடு சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு ஆஸிலேட்டர். ரம்பப்பல் அலை, சதுர அலை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச். அந்தச் சதுர அலையும் தனியாகப் பிறப்பதில்லை. ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து ரம்பப்பல்லிலிருந்து அறுத்து எடுப்பது. அதனால் அது ஒழுங்கான சதுரமாக இருக்காது. மேல்பாதியும் கீழ்பாதியும் சமமில்லை, ஸ்வரம் ஏற ஏற அந்த விகிதமும் மாறும், மூலைகள் மழுங்கியிருக்கும். அடுத்து, சத்தத்தின் மேல் அதிர்வெண்களை அறுக்கும் ஃபில்டர். டிரான்சிஸ்டர்களை டயோடு போல இணைத்து ஏணியாக அடுக்கிய நான்கு படிகள். படிகளுக்கு இடையே தடுப்பு இல்லை, ஒன்றையொன்று இழுக்கும். அதிலும் ஒரு படியின் கண்டென்சர் மட்டும் மற்றவற்றில் ஏறத்தாழ பாதி மதிப்பு. அறுக்கும் விளிம்பை அழுத்திக் காட்டும் ரெசொனன்ஸை முழுக்கத் திருப்பினாலும் இந்த ஃபில்டர் தானாக ஊளையிடாது, விளிம்பு வரை போய் நின்றுகொள்ளும். கடைசியாக ஒலி அளவைக் கட்டுப்படுத்த ரோம் நிறுவனத்தின் பி.ஏ.662 என்ற ஐ.சி. அதன் உற்பத்தி நின்று பல காலம் ஆகிவிட்டது. ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஆகவே நகல் செய்பவர்கள் அதற்குச் சமமான வேறு ஐ.சி.யையோ, தனித்தனி டிரான்சிஸ்டர்களில் கட்டிய மாற்றையோ போடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சத்தத்தின் குணத்தில் 662-க்குப் பங்கு உண்டுதான். ஆனால் விளம்பரத்தில் அதற்குக் கொடுக்கும் இடத்துக்கு அது தகுதியானதில்லை என்பது என் கருத்து.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். முதல் வேலை, ஒரிஜினல், நகல் இரண்டையும் சூடேற விடுவது. அனலாக் என்றால் சுருதி கொஞ்சம் நகரும்; கால் மணி நேரமாவது ஓடினால்தான் நிலைக்கு வரும். இரண்டாவது, ஒலி அளவைச் சமப்படுத்துவது. இதைச் செய்யாமல் பேசுகிறவர்களின் அபிப்பிராயத்துக்கு மதிப்பே கிடையாது. கொஞ்சம் சத்தமாக இருப்பது எதுவானாலும் காதுக்கு 'கனமாக', 'உயிரோட்டமாக' தோன்றும். நகல்களில் பல ஒரிஜினலைவிடக் கூடுதல் அளவில் வெளியே தள்ளும். அதைக் கேட்டுவிட்டு 'இதுதான் பெட்டர்' என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நான் காதை நம்பாமல் மீட்டரை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன். பிறகு இரண்டுக்கும் ஒரே பாட்டர்னை ஏற்றி, ஒரே கிளாக்கில் ஓட்டி, தனித்தனிச் சேனலில் பதிவு செய்துகொள்வேன்.

அதன்பின் பெரும்பாலானவர்கள் செய்வது, ஒரு ஸ்வரத்தை ஓடவிட்டு, ஃபில்டரைத் திறந்து மூடும் கட்ஆஃப் குமிழை மெதுவாக மேலே ஏற்றி, 'ஆஹா, அதே சத்தம்' என்று சொல்வது. இந்தச் சோதனையில் தோற்கும் நகலை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ஃபில்டரின் சர்க்யூட் படம் ஊரறிந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த லிமோர் ஃப்ரைட் 2005-இல் கொண்டுவந்த 'சாக்ஸ்பாக்ஸ்' என்ற கிட், வரைபடம் முதல் மென்பொருள் வரை எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துவிட்டது. அதைப் படித்த யாரும் அந்த ஏணியைக் கட்டிவிடலாம். 2019-இல் பெரிங்கர் நிறுவனம் டி.டி.-3 என்ற நகலை 150 டாலர் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, 'அந்த ஃபில்டர் சத்தம்' அபூர்வப் பொருள் என்று சொல்லும் நிலையே போய்விட்டது.

நகல்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுவது அக்சென்ட்டில்தான். கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

303-இல் அக்சென்ட் என்றால் அந்த ஸ்வரம் சத்தமாக வரும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அக்சென்ட் விழுந்த ஸ்வரத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கும். ஒலி அளவு கூடும். ஃபில்டர் மூடிக்கொள்ளும் வேகத்துக்கான டிகே குமிழை நீங்கள் எங்கே வைத்திருந்தாலும் ஃபில்டரின் என்வலப், அதாவது அது திறந்து மூடும் வளைவு, தன் குறைந்தபட்ச நீளத்துக்கு, ஏறத்தாழ 200 மில்லி விநாடிக்கு, சுருங்கிவிடும். மூன்றாவது, அந்த என்வலப்பின் ஒரு பங்கு வேறொரு வழியாக, ஒரு கண்டென்சரை நிரப்பிக்கொண்டு, கட்ஆஃபைக் கூடுதலாக மேலே தள்ளும். அந்தக் கண்டென்சர் காலியாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது காலியாகும் முன் இன்னொரு அக்சென்ட் வந்துவிட்டால், மிச்சத்தின் மேல் புதிது சேரும். ஆகவே அடுத்தடுத்து மூன்று அக்சென்ட் போட்டால், இரண்டாவது முதலாவதைவிடவும் மூன்றாவது இரண்டாவதைவிடவும் அதிகமாக வாய் திறக்கும். புரோகிராம் செய்தவர் எழுதாத ஒரு ஏற்றம் அங்கே தானாகப் பிறக்கிறது. சிகாகோ தட்டுகளில் பதினாறு படிப் பாட்டர்ன் ஒன்று நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடியும் சலிக்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதோடு நிற்கவில்லை. ரெசொனன்ஸ் குமிழுக்குக் கீழே இருப்பது இரட்டை அடுக்கு பொட்டென்ஷியோமீட்டர். ஓர் அடுக்கு ஃபில்டருக்குப் போகிறது. இன்னொன்று இந்த அக்சென்ட் வழியில் உட்கார்ந்திருக்கிறது. ரெசொனன்ஸைக் கூட்டக் கூட்ட அக்சென்ட்டின் உருவமே மாறும். கூர்மையாக அடித்துக்கொண்டிருந்தது மெல்ல எழுந்து வளைந்து இறங்கும். அந்த 'க்வாவ்' என்ற வளைவு இங்கிருந்துதான் வருகிறது. மெல்போர்னைச் சேர்ந்த ராபின் விட்டில், 303-ஐ மாற்றியமைத்து 'டெவில் ஃபிஷ்' ஆக்கித் தருபவர், இந்தச் சர்க்யூட்டை அலசி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இது தெளிவானது அவருடைய விளக்கத்தைப் படித்தபோதுதான்.

ஆகவே என் சோதனைப் பாட்டர்ன் மிக எளியது. ஒரே ஸ்வரம், கீழ் எட்டில். முதல் மூன்று படிகளில் அக்சென்ட், அடுத்து ஓய்வு, பிறகு அக்சென்ட் இல்லாத இரண்டு, மறுபடி ஓய்வு. வேகம் 125 அளவில். கட்ஆஃப் பாதிக்குக் கீழே, ரெசொனன்ஸ் முக்கால், அக்சென்ட் முழுக்க. இதை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் மூன்று கோபுரங்கள் தெரிய வேண்டும், ஒன்றைவிட ஒன்று உயரமாக. பிறகு ரெசொனன்ஸைக் குறைத்தால் அந்தக் கோபுரங்களின் முகடு மாற வேண்டும்.

உதவிப் புரோகிராமராக இருக்கும் ஒரு பையன் கொண்டுவந்த நகல் நினைவிருக்கிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பார்க்க அச்சு அசல். அதே வெள்ளி நிறம், அதே குமிழ் வரிசை, பெட்டியின் அளவு கூட அதேதான். மூன்று அக்சென்ட் போட்டேன். ஏறியது. "பாஸாயிடுச்சா?" என்றான். "இரு தம்பி" என்று ரெசொனன்ஸைப் பாதிக்குக் கொண்டுவந்தேன். ஃபில்டர் சத்தம் குறைந்தது. அக்சென்ட்டின் வடிவம் ஒரு துளி மாறவில்லை. முழுக்கத் திருப்பினாலும் அதே. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ரெசொனன்ஸுக்கு ஒற்றை அடுக்கு பொட்டென்ஷியோமீட்டர். சில ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். விளைவு, இரண்டு குமிழ்களுக்கு இடையே இருக்க வேண்டிய உறவு அறுந்துபோய்விட்டது. ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாகத் திருகிப் பார்த்தால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. கருவியை மேடையில் வைத்து, ஒரு கை கட்ஆஃபிலும் ஒரு கை ரெசொனன்ஸிலுமாக வாசிக்கும்போதுதான் 'ஏதோ வரமாட்டேங்குது' என்று தோன்றும். ஏன் என்று சொல்லத் தெரியாது.

ஸ்லைடுக்கு இவ்வளவு கதை இல்லை. ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர். அரை ஸ்வரம் வழுக்கினாலும் ஓர் எட்டு முழுக்க வழுக்கினாலும் எடுக்கும் நேரம் ஒன்றே. தொடக்கத்தில் வேகமாகக் கிளம்பி, சேர வேண்டிய ஸ்வரத்தை நெருங்க நெருங்கத் தணியும். ஸ்லைடு நேரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வைத்திருக்கிறோம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் குமிழ் எந்த இடத்தில் இருந்தால் ஒரிஜினல் நேரம் என்று அதில் ஒரு கோடாவது போட்டிருக்க வேண்டாமா? நான் சோதிப்பது, கீழ் எட்டிலிருந்து மேல் எட்டுக்கு ஸ்லைடு போட்டு, ஸ்வரம் போய்ச் சேருகிற விதத்தைக் கேட்பது. நேர்கோட்டில் ஏறி 'டக்' என்று நின்றால் அந்த நகலில் ஸ்லைடை மென்பொருள் செய்கிறது என்று அர்த்தம். தணிந்து போய்ச் சேர்ந்தால் கண்டென்சர் செய்கிறது, அல்லது மென்பொருள் எழுதியவர் கவனமானவர்.

சதுர அலையை ஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தாலே போதும். பாடப்புத்தகத்தில் வரைந்தது போல நேர்த்தியாக இருந்தால் அது 303-இன் சதுர அலை இல்லை. சத்தம் கெட்டுப்போய்விடாது, ஆனால் கிளாரினெட் மாதிரி உள்ளீடற்றதாக இருக்கும். ஒரிஜினலில் மூக்கடைத்தது போல ஒரு கரகரப்பு வரும்.

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எந்த ஒரிஜினல்?

நான் ஒப்பிடுவது வடபழனி ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும் 303-ஓடு. சிங்கப்பூர் போய்வந்த யாரோ ஒருவர் மூலம் அந்தக் காலத்திலேயே வந்தது. பல ஆண்டுகள் என் காதில் '303' என்றால் அந்தப் பெட்டிதான். ஒருமுறை பெங்களூருவிலிருந்து வந்த சேகரிப்பாளர் தன்னுடைய 303-ஐயும் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஒரிஜினல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவைச் சமப்படுத்தி, அதே மூன்று அக்சென்ட்டை ஓட்டினோம். வடபழனிப் பெட்டி இருட்டாக, தொண்டைக்குள்ளிருந்து பேசியது. பெங்களூரு பெட்டி இன்னும் வெளிச்சமாகக் கத்தியது. எல்லாக் குமிழும் ஒரே நிலையில். ஸ்டூடியோ உரிமையாளர் தன் பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று பதறிவிட்டார். கெடவில்லை. கட்ஆஃபின் தொடக்க இடத்தை நிர்ணயிக்க உள்ளே ஒரு டிரிம்மர் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளி திருப்பினால் முழுப் பெட்டியின் குணமும் மாறிவிடும். தொழிற்சாலையில் ஒருவர் திருப்பியது. அதன்பின் நாற்பது ஆண்டுகளில் பழுதுபார்த்தவர்கள் எத்தனை பேர் திருப்பினார்களோ. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் வயதானால் மதிப்பு மாறும்; பெங்களூரு பெட்டியில் அவற்றைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், வடபழனியில் இல்லை. அக்சென்ட் ஏறும் அளவிலும் இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்கே தெரிந்தது.

அதே மாலையில் மூன்றாவதாக ஒரு நல்ல நகலையும் இணைத்தோம். இரட்டை அடுக்கு பொட்டென்ஷியோமீட்டர் போட்ட, டிரிம்மரை ஓரளவு ஒத்துவரும்படி திருப்பிவைத்த நகல். மூன்றின் பதிவுகளையும் வரிசை மாற்றி, எது எது என்று சொல்லாமல், அறையில் இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். சேகரிப்பாளர் வடபழனி ஒரிஜினலை நகல் என்றார். ஸ்டூடியோ உரிமையாளர் நகலைத் தன் பெட்டி என்று நம்பினார். சிரித்துவிட்டு விட்டுவிடும் விஷயம் இல்லை இது. இரண்டு ஒரிஜினல்களுக்கு நடுவே இருந்த தூரம், நகலுக்கும் ஒவ்வோர் ஒரிஜினலுக்கும் இருந்த தூரத்தைவிட அதிகம். 'ஒரிஜினல்போல் இல்லை' என்று ஒரு நகலைத் தள்ளுகிறவர், தன் மனதில் இருக்கும் ஒரிஜினல் எந்தத் தட்டில் கேட்டது, அந்தத் தட்டில் எந்த மிக்ஸர், எந்த டிஸ்டார்ஷன் பெடல் நடுவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேர்போன பல 303 சத்தங்கள் வெறும் 303 இல்லை, பெடலும் சேர்ந்தவை.

அப்படியானால் நகல்களுக்குள் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது; அக்சென்ட்டைத் தவிர, மெட்டை ஏற்றி ஓட்டும் சீக்வென்சரிலும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஒரிஜினலில் ஒரு மெட்டை ஏற்றும் முறை விசித்திரமானது. முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாகத் தட்ட வேண்டும், காலம் கிடையாது. பிறகு வேறொரு நிலைக்குப் போய், எந்தப் படியில் ஸ்வரம், எதில் நீட்டல், எதில் ஓய்வு என்று காலத்தைத் தனியாகத் தட்ட வேண்டும். ஸ்வரம் வேறு, காலம் வேறு. காலத்தில் ஓர் ஓய்வைச் சேர்த்தால் பின்னால் இருக்கும் எல்லா ஸ்வரங்களும் ஒரு படி தள்ளிப்போகும். நினைத்த மெட்டு ஒன்று, வந்த மெட்டு வேறு. பேட்டரி தீர்ந்துபோனால் நினைவகத்தில் தாறுமாறான பாட்டர்ன்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலர் வேண்டுமென்றே பேட்டரியைக் கழற்றி மாட்டி அவற்றை எடுத்துக்கொள்வார்கள். கிட்டார்காரரை விரட்டியடித்த அதே தொல்லைதான் சிகாகோக்காரருக்கு மெட்டுகளைக் கொடுத்தது.

பல நகல்கள் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டன. ஒவ்வொரு படியாகப் போய் ஸ்வரம், அக்சென்ட், ஸ்லைடு எல்லாவற்றையும் அங்கேயே போடலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் மவுஸால் வரையலாம். வசதிதான். ஆனால் அப்படி எழுதினால் கீபோர்டுக்காரர் கை எழுதும் பேஸ்தான் வரும். 303-இன் பேஸ் வராது. என்னிடம் வருகிற பையன்களுக்கு நான் வைக்கும் ஒரு பரீட்சை, பழைய முறையில் ஸ்வரத்தையும் காலத்தையும் பிரித்து ஏற்ற அந்த நகலில் வழி இருக்கிறதா என்று கையேட்டைப் பார்க்கச் சொல்வது. சிலவற்றில் இருக்கிறது. இருந்தால் அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன், 662-ஐ வைத்திருப்பதற்குத் தருவதைவிட.

கம்ப்யூட்டரிலிருந்து மிடி வழியே ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான நகல்களில் வெலாசிட்டி ஒரு அளவைத் தாண்டினால் அக்சென்ட். முந்தைய ஸ்வரம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் ஸ்லைடு. அந்த ஸ்வர நீளத்தைக் கவனிக்காமல் விட்டால் ஸ்லைடு வேண்டாத இடமெல்லாம் வழுக்கும். ஒரிஜினலில் ஸ்லைடு இல்லாத ஸ்வரம் படியின் ஏறத்தாழ பாதி வரைதான் ஒலிக்கும். அந்த இடைவெளியை மிடியில் கொடுக்காவிட்டால் துள்ளல் போய்விடும். இதற்கு நகலைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலையையும் பேசிவிடுவோம். ஒரிஜினல் இன்று பல ஆயிரம் டாலர். அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது சத்தத்தை இல்லை, ஒரு பழம்பொருளை. பழம்பொருள் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் உள்ளே டிரிம்மரை யார் யார் திருப்பினார்கள், கண்டென்சர் மாற்றியதா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். மாற்று ஐ.சி. கிடைப்பது சிரமம், தெரிந்து திறக்கிற கைகளும் குறைவு. ரோலண்ட் நிறுவனமே 2016-இல் கொண்டுவந்த டி.பி.-03 டிஜிட்டல் கருவி, நன்றாகவே இருக்கிறது. அனலாக் இல்லை என்பதற்காக மட்டும் அதை ஒதுக்குவது வீண் பிடிவாதம்.

அந்த ஒற்றை அடுக்கு நகலைக் கொண்டுவந்த பையன் என்ன செய்யட்டும் என்று கேட்டான். பின்னணியில் ஓடும் பேஸுக்கு மட்டும் என்றால் வைத்துக்கொள், மேடையில் குமிழ் திருகி வாசிக்க வேண்டும் என்றால் விற்றுவிடு என்றேன். விற்றுவிட்டான். வாங்கப் போகிற உங்களுக்கும் அதே பேச்சுத்தான். கடையில் கட்ஆஃபை ஏற்றி இறக்கிவிட்டுத் திருப்தியடையாதீர்கள். ஒரே ஸ்வரத்தில் மூன்று அக்சென்ட் அடுத்தடுத்துப் போடுங்கள், ஏறுகிறதா பாருங்கள். ரெசொனன்ஸைத் திருகுங்கள், அக்சென்ட்டின் வளைவு மாறுகிறதா கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருந்தாலும் வாங்கலாம்.